எந்த வரி எதன்மேல் நிற்கிறது?

வடிவியல் தேர்வு எழுதிய பலருக்கும் இந்த மனக்குறை இருந்திருக்கும். நிரூபணத்தில் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. படம் சரி, கோணங்கள் சரி, கடைசி வரியும் சரி. ஆனாலும் விடைத்தாள் திரும்பி வரும்போது மதிப்பெண் குறைந்திருக்கிறது. கேட்டால், நான்காவதாக வரவேண்டிய வரி இரண்டாவதாக வந்துவிட்டதாம். மேலே எழுதினாலும் கீழே எழுதினாலும் உண்மை உண்மைதானே? அதை எந்த இடத்தில் வைத்தால் என்ன?

நியாயமான கேள்வி. "முறை அப்படி" என்பது அதற்குப் பதில் ஆகாது. எல்லாரும் அறிந்த ஒரு தேற்றத்தை எடுத்துக்கொண்டு, அதன் வரிகளைக் கலைத்துப் போட்டு, மறுபடி அடுக்கிப் பார்ப்போம். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை என்ற தேற்றம் போதும். தேர்வறையில் எழுந்த இந்தச் சின்னக் கேள்வி, கணித அறிஞர்களை இரண்டாயிரம் ஆண்டுகள் அலையவைத்த ஒன்றில் கொண்டுபோய் விடும்.

ஆறு சீட்டுகள்

ஒரு தாளில் முக்கோணம் வரையுங்கள். உச்சிக்கு க, கீழே இடப்பக்க முனைக்கு ச, வலப்பக்க முனைக்கு த என்று பெயரிடுங்கள். உச்சி வழியாக, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் உச்சிக்கு இடப்பக்கம் ப என்றும் வலப்பக்கம் ம என்றும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். இப்போது உச்சியைச் சுற்றி மூன்று கோணங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன: பகச, சகத, தகம. நடுவில் இருப்பது முக்கோணத்தின் சொந்த உச்சிக்கோணம்.

நிரூபணத்தின் ஒவ்வொரு வரியையும் ஒரு சீட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுப்போம்.

தரவு: கசத ஒரு முக்கோணம்.

இணைகோடு: உச்சி க வழியாக, அடிப்பக்கம் சத என்பதற்கு இணையாகப் பகம என்ற கோட்டை வரைக.

இடக்கோணம்: கோணம் பகச, அடியிலுள்ள கோணம் ச என்பதற்குச் சமம். காரணம், இணைகோடுகளைக் குறுக்குவெட்டி வெட்டும்போது உண்டாகும் ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம்.

வலக்கோணம்: கோணம் தகம, அடியிலுள்ள கோணம் த என்பதற்குச் சமம். காரணம் அதேதான்.

நேர்கோடு: பகச, சகத, தகம ஆகிய மூன்றின் கூடுதல் 180 பாகை. காரணம், மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோட்டின் ஒரு பக்கத்தை முழுதாக நிரப்புகின்றன.

முடிவு: ஆகவே முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை.

இது மிகப் பழைய வழி. கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் யூக்ளிடின் நூலுக்கு உரை எழுதிய புரோக்ளஸ், இதைப் பிதாகரஸ் வழிவந்தவர்களுடையது என்று பதிவு செய்கிறார். அரிஸ்டாட்டிலின் மாணவரான யூடெமஸ் சொன்னதாக அவர் குறிப்பிடுகிறார். யூக்ளிட் தம் நூலில் கொஞ்சம் வேறு மாதிரி வரைந்தார்: அடிப்பக்கத்தை நீட்டி, இணைகோட்டை அடிமுனை வழியாகப் போட்டார். அடிப்படை யோசனை ஒன்றுதான்.

720-ல் எத்தனை?

ஆறு சீட்டுகளை 720 விதமாக அடுக்கலாம். முதல் இடத்துக்கு ஆறு பேர் போட்டி, அடுத்த இடத்துக்கு ஐந்து பேர், இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் அந்த எண் வரும். இந்த 720 அடுக்குகளில் நிரூபணம் என்று சொல்லத்தக்கவை எத்தனை?

கண்டுபிடிக்க, ஒவ்வொரு சீட்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: நீ எதன்மேல் நிற்கிறாய்?

தரவு எதையும் நம்பி நிற்கவில்லை. இணைகோடு வரைய ஓர் உச்சியும் ஓர் அடிப்பக்கமும் வேண்டும். ஆகவே அது தரவின்மேல் நிற்கிறது. ப, ம என்ற புள்ளிகள் பிறப்பதே இணைகோடு சீட்டில்தான். அதற்கு முன்னால் "கோணம் பகச" என்று எழுதினால், இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுவதாகும். அதனால் இடக்கோணம், வலக்கோணம், நேர்கோடு ஆகிய மூன்றும் இணைகோட்டுக்குப் பின்னால்தான் வர முடியும். முடிவோ இந்த மூன்றின்மேலும் ஒருசேர நிற்கிறது. ஒன்று குறைந்தாலும் விழும்.

ஆனால் அந்த மூன்று சீட்டுகளுக்குள்? இடக்கோணத்துக்கு வலக்கோணம் தேவையில்லை. வலக்கோணத்துக்கு இடக்கோணம் தேவையில்லை. நேர்கோட்டுக்கு இரண்டுமே தேவையில்லை. மூன்றையும் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். மூன்றை மாற்றி அடுக்கும் விதங்கள் 6. ஆக, 720-ல் 6 மட்டுமே நிரூபணம்; மீதி 714-ம் உண்மையான வரிகளின் குவியல்.

எது எதைத் தாங்குகிறது என்ற இந்த அமைப்பைத் தாங்குவரிசை என்று அழைப்போம். 1, 2, 3 என்று எண்ணிட்டு எழுதும் வரிசை வேறு, இது வேறு. எண்வரிசையில் எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்று முன், ஒன்று பின். தாங்குவரிசையில் சில சோடிகளுக்கு மட்டுமே முன்பின் உண்டு. மற்றவை ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. தாள் மேலிருந்து கீழாகப் போவதால் நாம் ஏதோ ஓர் எண்வரிசையைத் தேர்ந்து எழுதியாக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். விடைக்குறிப்பில் அச்சாகியிருப்பது அந்த ஆறில் ஒன்று. நேர்கோட்டை முதலில் எழுதிவிட்டு இடக்கோணத்துக்கு வரும் மாணவி தவறு செய்யவில்லை; அவளுக்கு முழு மதிப்பெண் உரியது. இணைகோடு வரைவதற்கு முன்பே பகச என்று எழுதும் மாணவருக்குத்தான் குறைக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பாடநூலில் "கூற்று", "காரணம்" என்று இரண்டு பத்திகள் போட்டிருக்கிறார்களே, அதில் உயிர் இருப்பது இரண்டாவது பத்தியில். தாங்குவரிசை முழுவதும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. பல பிள்ளைகள் முதல் பத்தியை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

இன்னொன்றும் பாருங்கள். உச்சியில் போட்ட கோட்டைச் சற்றே சாய்த்து, இணை இல்லாமல் ஆக்குங்கள். இடக்கோணமும் வலக்கோணமும் உடனே பொய்யாகிவிடும். நேர்கோடு சீட்டு அப்படியே நிற்கும், ஏனென்றால் அது கோடு நேராக இருப்பதை மட்டுமே நம்புகிறது; இணையாக இருப்பதை நம்பவில்லை. மூன்றும் ஒரே சீட்டின்மேல் நிற்பதாகத் தோன்றினாலும், அந்தச் சீட்டின் வெவ்வேறு பகுதிகளில் நிற்கின்றன.

கண்டுபிடித்த வழி வேறு, எழுதிய வழி வேறு

"உச்சியில் கோடு போட வேண்டும் என்று எப்படித் தோன்றியது?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. எழுதிய நிரூபணம் இதற்குப் பதில் சொல்லாது. தோன்றிய திசை தலைகீழ்.

ஆறாம் ஏழாம் வகுப்பில் காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து, நுனிகளை ஒரே புள்ளியில் சேர்த்து ஒட்டியிருப்பீர்கள். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோடாக அமையும். கண் அங்கே முதலில் பார்ப்பது முடிவை. முடிவிலிருந்து பின்னோக்கி நடக்கலாம்: 180 வேண்டுமென்றால் ஒரு நேர்கோடு வேண்டும். கிழிக்காமல் அது வரவேண்டுமென்றால், ஒரு மூலை இருந்த இடத்திலேயே இருக்க, மற்ற இரண்டு மூலைகளை அங்கே கொண்டுவர வேண்டும். ஒரு கோணத்தை அளவு மாறாமல் இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகத் தெரிந்த வழி எது? இணைகோடுகள். ஆகவே உச்சியில் ஓர் இணைகோடு. வந்து சேர்ந்தது நிரூபணத்தின் இரண்டாவது சீட்டு!

கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸ் இந்த இரண்டு திசைகளையும் பிரித்துப் பேசியிருக்கிறார். தேடுவதைக் கிடைத்ததாக வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போவது பகுப்பு. கிடைத்த பாதையில் அடியிலிருந்து முன்னோக்கி எழுதுவது தொகுப்பு. நாம் தேர்வில் எழுதுவது தொகுப்பு மட்டும். பகுப்பு எழுதியவரின் தலைக்குள்ளேயோ கசக்கி எறிந்த தாளிலோ தங்கிவிடுகிறது.

இன்றைய கணினிகளும் இதையே செய்கின்றன. ஆல்ஃபாஜியோமெட்ரி என்ற நிரலைப் பற்றிய கட்டுரை 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளிவந்தது. சர்வதேச கணித ஒலிம்பியாடிலிருந்து எடுத்த 30 வடிவியல் கணக்குகளில் 25-ஐ அது தீர்த்தது. கொடுத்த படத்திலிருந்து கிடைக்கும் உண்மைகளை எல்லாம் அது வரிசை பாராமல் கொட்டிக் குவிக்கிறது. முடிவு அந்தக் குவியலில் தென்பட்டதும், அங்கிருந்து பின்னோக்கி "நீ எதன்மேல் நிற்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டே போய், தேவைப்பட்ட வரிகளை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. குவியலில் முடிவு கிடைக்காமல் முட்டி நின்றால் புதிதாக ஒரு புள்ளியையோ கோட்டையோ படத்தில் சேர்த்துப் பார்க்கிறது. நம் சீட்டுகளில் இணைகோடு அந்த வகை. அது ஓர் உண்மையிலிருந்து பிறந்த வேறோர் உண்மை இல்லை; யாரோ துணிந்து செய்த ஒரு செயல். நிரூபணத்தில் கற்பனைக்கு இடமில்லை என்பவர்கள் இந்த ஒரு சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சீட்டுக்கு அடியில் இன்னொரு சீட்டு

இதுவரை சீட்டுகள் ஒன்றையொன்று தாங்குவதைப் பார்த்தோம். அந்தக் காரணங்கள் எதன்மேல் நிற்கின்றன?

"ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அதற்கும் ஒரு நிரூபணம் உண்டு. அதற்கு அடியில் இன்னொன்று. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிய 'மூலங்கள்' நூலின் முதல் பாகம் இப்படி 48 கூற்றுகளால் ஆனது. முக்கோணக் கோணங்களின் கூடுதல் அதில் 32-வது. (அவர் பாகையில் பேசுவதில்லை, "இரண்டு செங்கோணங்கள்" என்பார்.) ஒன்றுவிட்ட கோணங்கள் பற்றிய கூற்றுகள் 27-லும் 29-லும் இருக்கின்றன. ஏன் இரண்டு?

27-வது சொல்வது: ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாக இருந்தால் கோடுகள் இணை. 29-வது சொல்வது: கோடுகள் இணையாக இருந்தால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். ஒன்று மற்றதன் மறுதலை. அவசரமாகப் படித்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தேர்வில் காரணம் எழுதும்போது அதிகம் இடம் மாறுவது இந்தச் சோடிதான்.

நம் நிரூபணத்துக்கு இரண்டுமே தேவை. இணைகோட்டை எப்படி வரைவது? அடியிலுள்ள கோணம் ச அளவுக்கு உச்சியில் இடப்பக்கம் ஒரு கோணத்தைப் பிரதியெடுத்து, அந்தத் திசையில் கோடு போடுகிறோம். அந்தக் கோடு இணை என்று உறுதி சொல்வது 27. இதைச் செய்து காட்டுவது யூக்ளிடின் 31-வது கூற்று.

இப்போது இடக்கோணம் சீட்டை மறுபடி பாருங்கள். பகச என்ற கோணம் ச என்ற கோணத்துக்குச் சமம் என்கிறது அது. நாம் வரைந்ததே அப்படித்தான்! அதற்குத் தனியாக எந்தத் தேற்றமும் வேண்டாம். வலக்கோணத்துக்கு அந்தச் சலுகை இல்லை. இடப்பக்கத்தைப் பார்த்து வரைந்த கோடு, வலப்பக்கத்திலும் சரியாகக் கோணம் த அளவுக்குச் சாய்ந்து நிற்கும் என்பதற்கு 29 வேண்டும். இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிந்த இரண்டு சீட்டுகளில் ஒன்று இலவசமாக வந்தது. மற்றதுதான் தேற்றத்தின் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓர் உலகமே இதில் பிரியப்போகிறது.

சுழல்வாதம்

ஒரு வரிக்கு அடியில் தோண்டிக்கொண்டே போனால், சில சமயம் தொடங்கிய வரியே எதிரே வந்து நிற்கும். இதைச் சுழல்வாதம் எனலாம். நல்ல உதாரணம் ஒன்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

இருசமபக்க முக்கோணத்தில் சமபக்கங்களுக்கு எதிரேயுள்ள கோணங்கள் சமம். பரவலாகச் சொல்லித்தரும் நிரூபணம்: உச்சிக்கோணத்தின் இருசமவெட்டியை வரைக, இரண்டு பாதிகளும் சர்வசமம், ஆகவே அடிக்கோணங்கள் சமம். அழகாக இருக்கிறது. ஆனால் யூக்ளிட் இதை இப்படி நிறுவவில்லை. அவர் பக்கங்களை நீட்டி, நீண்ட சிக்கலான ஒரு வழியில் போகிறார். இந்தக் கூற்று அவருக்கு 5-வது. கோணத்தை இருசமமாக வெட்டுவது 9-வது. ஒன்பதாவது, மூன்று பக்கங்களும் சமமான முக்கோணங்கள் சர்வசமம் என்ற எட்டாவதன்மேல் நிற்கிறது. எட்டாவது ஏழாவதன்மேல். ஏழாவது நிற்பது ஐந்தாவதன்மேல். ஐந்தை நிறுவ ஒன்பதைக் கூப்பிட்டால், ஐந்து தன்னையே சாட்சிக்கு அழைத்த கதை ஆகிவிடும்.

அப்படியானால் பள்ளி நிரூபணம் பிழையா? எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் கணிதர் ஜார்ஜ் பர்க்காஃப் 1932-இல் வடிவியலை வேறோர் அடித்தளத்தில் கட்டிக் காட்டினார். அளவுகோலும் கோணமானியும் சொல்லும் எண்களை அவர் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டார். அங்கே கோணத்துக்கு அளவு உண்டென்றால் அதில் பாதியும் உண்டு. இருசமவெட்டி வரைய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் பள்ளி நிரூபணம் குற்றமற்றது; யூக்ளிடின் வீட்டில் சுழல்வாதம். வரி ஒன்றுதான், அடியில் இருப்பது வேறு.

யூக்ளிட் சுற்றி வளைத்தது ஏன்?

'மூலங்கள்' படிக்கிறவர்களை 16-வது கூற்று குழப்பும். முக்கோணத்தின் ஒரு பக்கத்தை நீட்டினால் உண்டாகும் வெளிக்கோணம், உள்ளெதிர்க் கோணங்கள் ஒவ்வொன்றையும் விடப் பெரியது என்கிறது அது. 32-வது கூற்றோ, வெளிக்கோணம் அந்த இரண்டு கோணங்களின் கூடுதலுக்கே சமம் என்று துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. கூடுதலுக்குச் சமம் என்றால் ஒவ்வொன்றையும் விடப் பெரியது என்பது சொல்லாமலே விளங்கும். பிறகு எதற்கு இந்த அரைகுறைக் கூற்றை முன்னால் வைத்து, அதற்காக இத்தனை பாடுபட வேண்டும்?

27-வதை நிறுவிப் பாருங்கள், புரியும். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். ஆனாலும் கோடுகள் எங்கோ சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சந்தித்தால் ஒரு முக்கோணம் உண்டாகிவிடும். அந்த முக்கோணத்தில் ஒரு வெளிக்கோணம், ஓர் உள்ளெதிர்க் கோணத்துக்குச் சமமாக இருக்கும். அது நடக்காது என்று சொல்ல 16 வேண்டும். இங்கே 32-ஐக் காரணம் காட்டினால்? 32 இணைகோட்டின்மேல் நிற்கிறது. இணைகோடு 27-ன்மேல் நிற்கிறது. நாம் 27-ல் இருக்கிறோம். சுழல்வாதம்.

ஆகவே இணைகோடு என்ற பேச்சே இல்லாமல் 16-ஐ நிறுவ வேண்டும். யூக்ளிட் செய்தது இது. அடிப்பக்கம் சத என்பதை வலப்பக்கம் ய வரை நீட்டுங்கள், வெளிக்கோணம் கதய. கத என்ற பக்கத்தின் நடுப்புள்ளி ந. ச முனையிலிருந்து ந வரை கோடு போட்டு, அதே தூரம் அப்பால் ர வரை நீட்டுங்கள். நகச, நதர என்ற இரண்டு முக்கோணங்கள் கிடைக்கின்றன. இரண்டு பக்கங்கள் சமம். அவற்றுக்கு இடையே ந-வில் இருப்பவை குத்தெதிர்க் கோணங்கள். ஆகவே முக்கோணங்கள் சர்வசமம். உச்சிக்கோணம் அப்படியே பெயர்ந்து, நதர என்ற கோணமாக வந்து உட்கார்கிறது. அது வெளிக்கோணத்துக்குள் ஒரு பகுதி. முழுமை பகுதியை விடப் பெரியது. முடிந்தது.

இணைகோடு இல்லாமலே ஒரு கோணத்தை இடம்பெயர்த்துவிட்டார்! 'மூலங்கள்' நூலில் எனக்கு மிகவும் பிடித்த நிரூபணம் இது. வலிமையான 32-ஐக் கையில் வைத்துக்கொண்டே, அதைத் தொடாமல், தேவைப்படும் அளவுக்கு மட்டும் வலிமையுள்ள ஒரு கூற்றைச் செதுக்கி முன்னால் வைக்கிறார். தாங்குவரிசையை முழுதாக மனதில் வைத்திருந்தவரால் மட்டுமே முடிகிற வேலை.

எங்கே உடைகிறது?

யூக்ளிட் ஐந்து அடிக்கோள்களோடு தொடங்கினார். நிறுவாமல் ஏற்றுக்கொள்ளும் தொடக்கக் கூற்றுகள் அவை. முதல் நான்கும் எளியவை. ஐந்தாவது நீளமானது: ஒரு கோடு இரண்டு கோடுகளை வெட்டி, ஒரே பக்கத்தில் உண்டாகும் இரு உட்கோணங்களின் கூடுதல் இரண்டு செங்கோணங்களுக்குக் குறைவானால், அந்த இரண்டு கோடுகளை நீட்டிக்கொண்டே போனால் அந்தப் பக்கத்தில் சந்திக்கும். முதல் 28 கூற்றுகளில் இந்த அடிக்கோளை அவர் தொடவே இல்லை. 29-வதில்தான் முதன்முதலாக எடுக்கிறார்.

வரிசை இவ்வளவு சுத்தமாக இருந்ததால்தான் பின்வந்தவர்களால் ஒரு கேள்வி கேட்க முடிந்தது: 28 கூற்றுகள் இது இல்லாமலே நிற்கின்றன என்றால், இதையும் ஒரு தேற்றமாக நிறுவிவிட முடியாதா? தாலமி முயன்றார், உமர் கய்யாம் முயன்றார், நசீருத்தீன் அல் தூசி முயன்றார். 1733-இல் இத்தாலியின் சாக்கேரி, அடிக்கோள் பொய் என்று வைத்துக்கொண்டு முரண்பாட்டைத் தேடிப் பக்கம் பக்கமாக எழுதினார். பலருடைய நிரூபணங்களில், எங்கோ ஒரு மூலையில், அந்த அடிக்கோளுக்கே சமமான வேறொரு வரி காரணமாக நுழைந்திருந்தது. மறுபடியும் சுழல்வாதம்தான்.

ருஷ்யாவின் கசான் நகரில் லோபாசெவ்ஸ்கி 1829-இலும், ஹங்கேரியில் யானோஷ் போயாய் 1832-இலும் வேறு முடிவுக்கு வந்து எழுதினார்கள்: அந்த அடிக்கோளை எடுத்துவிட்டு எதிரானதை வைத்தாலும் வடிவியல் இடியாது. வேறொரு வடிவியல் எழும். அங்கே நம் ஆறு சீட்டுகள் என்ன ஆகின்றன? இடக்கோணம் நிற்கிறது, ஏனென்றால் அது வரைந்த விதத்திலேயே கிடைத்தது. கோடு அடிப்பக்கத்தைச் சந்திக்காது என்பதும் நிற்கிறது, அது 27. நேர்கோடு நிற்கிறது. விழுவது வலக்கோணம் ஒன்றுதான். அந்தத் தளத்தில் தகம என்ற கோணம் த-வை விடப் பெரியதாகிவிடும். ஆகவே மூன்று கோணங்களின் கூடுதல் 180-க்குக் குறைவு.

உலக உருண்டையில் உடைப்பு இன்னும் முன்னதாகவே வருகிறது. வட துருவத்தை உச்சி க என்று கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டில் கினி வளைகுடாவில் 0 பாகைத் தீர்க்கரேகை ச. இந்தியப் பெருங்கடலில் கிழக்கு 90 பாகை த. பக்கங்கள் எல்லாம் உருண்டையின் பெருவட்டங்கள். மூன்று கோணங்களும் செங்கோணம், கூடுதல் 270. இங்கே யூக்ளிடின் 16-ஐச் செய்து பாருங்கள். கத என்ற பக்கத்தின் நடுப்புள்ளி ந, வடக்கு 45 பாகையில். ச முனையிலிருந்து அங்கே போகும் தூரம் பெருவட்டத்தில் கால்பங்கு. அதை இரட்டித்தால் அரைவட்டம். ர என்ற புள்ளி பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டில், 180 பாகைத் தீர்க்கரேகையில் விழும். அதாவது நீட்டிய அடிப்பக்கத்தின் மேலேயே! நதர என்ற கோணம் வெளிக்கோணத்தின் பகுதியாக இல்லை. முழு வெளிக்கோணமே ஆகிவிட்டது. "முழுமை பகுதியை விடப் பெரியது" என்ற வரிக்கு வேலை இல்லாமல் போகிறது. 16 விழுந்ததும் 27 விழுகிறது. உருண்டையில் இணையான பெருவட்டங்கள் கிடையவே கிடையாது.

லோபாசெவ்ஸ்கியின் தளம் 29-ல் பிரிகிறது, உருண்டை 16-ல் பிரிகிறது. வரிகளைக் குவியலாக வைத்திருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

ஏழு சீட்டுகள்

இனி நீங்களே ஒன்றை அடுக்கிப் பாருங்கள். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றம். விட்டம் சத, மையம் ம, பரிதியில் ஒரு புள்ளி க. சீட்டுகளைக் கலைத்தே தருகிறேன்.

கோணம் மகத, கோணம் த என்பதற்குச் சமம். முக்கோணம் கசத-வின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை. மக, மச, மத ஆகியவை ஆரங்கள், ஆகவே சமம். ஆகவே கோணம் சகத 90 பாகை. கோணம் மகச, கோணம் ச என்பதற்குச் சமம். ம, க இரண்டையும் இணைத்துக் கோடு வரைக. கோணம் சகத என்பது மகச, மகத ஆகியவற்றின் கூடுதல்.

ஏழு சீட்டுகளை 5,040 விதமாக அடுக்கலாம். அவற்றில் 48 நிரூபணங்கள். ஏன் 48 என்று எண்ணிப் பார்க்கும்போது, 180 என்று சொல்லும் சீட்டு மட்டும் தனிப்போக்குடையது என்று தெரியவரும். மையத்தையும் ஆரத்தையும் பற்றி அது எதுவும் கேட்பதில்லை. முடிவுக்கு முன்னால் எங்கே வேண்டுமானாலும் நுழையும், முதல் வரியாகக்கூட. ஆனால் அதன் அடியில் 32 இருக்கிறது, 32-ன் அடியில் 29, அதன் அடியில் ஐந்தாம் அடிக்கோள். மற்ற ஆறில் முடிவைத் தவிர ஐந்தும் அந்த அடிக்கோளைத் தொடாதவை. ஆகவே லோபாசெவ்ஸ்கியின் தளத்தில் இந்த ஒரு சீட்டை மட்டும் "180-க்குக் குறைவு" என்று திருத்திவிட்டு, மற்றவற்றை அப்படியே வைத்து மறுபடி அடுக்கலாம். கடைசிச் சீட்டில் புதிதாக என்ன எழுத வேண்டியிருக்கும்? உச்சியிலுள்ள கோணம் மற்ற இரண்டின் கூடுதலுக்குச் சமம். மூன்றும் சேர்ந்து 180-க்குக் குறைவு. ஆகவே அந்தத் தளத்தில் அரைவட்டத்தில் அமையும் ஒவ்வொரு கோணமும் 90-க்குக் குறைவு.